வீட்டு அடுக்களைக்கு எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு: ஃபாஸ்காஸ் தளம் எப்படி இருக்கிறது?

இட்லிப் பொடி, மாவடு, முறுக்கு, பிறந்தநாள் கேக், மதியச் சாப்பாட்டு டிபன் கேரியர் என எதை வீட்டில் செய்து காசுக்கு விற்றாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது உணவு வணிகம்தான். தெரிந்தவர்களுக்கு மட்டும் தருகிறோம், வாட்ஸ்அப் குழுவில் மட்டும் விற்கிறோம் என்பதெல்லாம் கணக்கில் வராது. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டத்தில் 31ஆம் பிரிவின் 2ஆம் உட்பிரிவு, சிறு உற்பத்தியாளர்களுக்கும் குடிசைத் தொழில் செய்பவர்களுக்கும் உரிமத்திலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டு, பதிவு கட்டாயம் என்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ அந்தப் பதிவைக் கொடுக்கும் இணையதளம் ஃபாஸ்காஸ். பழைய தளத்துக்கு மாற்றாக 2020 ஜூன் 1 அன்று இது வந்தபோது முதல் கட்டத்திலேயே தமிழ்நாடும் புதுச்சேரியும் இருந்தன.

பதிவு எண் வாங்கித் தரும் வேலையை இந்தத் தளம் குறையில்லாமல் செய்கிறது. ஏஜென்ட் வேண்டாம், அலுவலகப் படி ஏற வேண்டாம், செலவு அற்பம். ஆனால் கடையையும் தொழிற்சாலையையும் மனதில் வைத்துக் கட்டிய தளம் இது. வீட்டில் சமைத்து விற்பவர் எங்கே தடுக்கி விழுவார் என்று அதற்குத் தெரியாது. எண் கைக்கு வந்தபிறகு என்ன செய்ய வேண்டும் என்பதையும் அது சொல்லித் தருவதில்லை. பெரும்பாலான சிக்கல்கள் எழுவது அங்கேதான்.

காசும் காலமும்

2011ஆம் ஆண்டின் உரிமம் மற்றும் பதிவு விதிமுறைகள் முதலில் வகுத்த கணக்கு இது: ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய் வரை பதிவு போதும்; கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய்; ஒன்றிலிருந்து ஐந்து ஆண்டு வரை சேர்த்துக் கட்டலாம். வரம்பும் கட்டணமும் திருத்தத்துக்கு உட்பட்டவை என்பதால், விண்ணப்பிக்கும் நாளில் தளத்தின் தகுதிப் பக்கம் காட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்றுமுதல் என்பது லாபம் அல்ல, கல்லாவுக்கு வரும் மொத்தப் பணம். 80 ரூபாய் சாப்பாடு தினம் 40 போனால் ஒரு நாளைக்கு 3,200. விடுமுறை இல்லாமல் ஓட்டினால் ஆண்டுக்கு 11.68 லட்சம். செலவு போகக் கையில் நிற்பது குறைவுதானே என்று இந்தக் கணக்கைத் தள்ளிவிட முடியாது. சிறு உற்பத்தியாளருக்கு நாளொன்றுக்கு 100 கிலோ அல்லது 100 லிட்டர் என்ற உற்பத்தி வரம்பும் விதிமுறையில் உண்டு. இட்லி மாவு விற்பவர்கள் இந்த 100 கிலோவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிலோ 40 ரூபாய்க்கு 100 கிலோ விற்றால் ஆண்டுக்கு 14.6 லட்சம், எடை வரம்பைத் தொடுவதற்கு முன்பே அந்த 12 லட்சக் கணக்கில் விற்றுமுதல் முட்டிவிடும்.

விண்ணப்பம் போய்ச் சேர்ந்த 7 நாளுக்குள் பதிவு தர வேண்டும், காரணத்தோடு மறுக்க வேண்டும், அல்லது வீட்டைப் பார்க்க வருகிறோம் என்று அறிவிக்க வேண்டும். ஆய்வு என்றால் 30 நாள் கெடு. இந்த மூன்றில் எதுவுமே நடக்காமல் கெடு தாண்டினால் தொழிலைத் தொடங்கலாம் என்று விதிமுறையே சொல்கிறது. காகிதத்தில் நல்ல சலுகை. நடைமுறையில் பெரிய உதவி இல்லை: எண் இல்லாமல் லேபிள் அச்சடிக்க முடியாது, உணவு டெலிவரி செயலிகளும் சேர்த்துக்கொள்ளா. 2024இல் வந்த உடனடிப் பதிவு வசதியும் தேநீர்க் கடை, நடமாடும் வியாபாரம், சில்லறை விற்பனை போன்ற ஆபத்து குறைந்த வகைகளுக்கானது. ஊறுகாயும் பொடியும் தயாரிப்பவர்கள் வழக்கமான வரிசையில்தான் நிற்க வேண்டும்.

இணையத்தில் தேடினால் அரசுத் தளம் போலவே நிறமும் சின்னமும் வைத்த தனியார் பக்கங்கள் மேலே வந்து நிற்கும். 100 ரூபாய் வேலைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கும். முகவரியின் கடைசியில் ஜிஓவி டாட் இன் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் பணம் போவதைவிட மோசமான விளைவு ஒன்றும் உண்டு. ஏஜென்ட் தன் கைபேசி எண்ணையும் மின்னஞ்சலையும் போட்டுக் கணக்கைத் திறந்துவிடுவார். பிறகு ஒரு எழுத்துப் பிழையைத் திருத்துவதற்குக்கூட ஓடிபி அவருக்குத்தான் போகும். யாரை வைத்துச் செய்தாலும் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாக இருக்கட்டும்.

வணிக வகை: இங்கேதான் பிழை நடக்கிறது

படிவம் கேட்கும் ஆவணங்கள் குறைவு: புகைப்படம், அரசு அடையாள அட்டை, அட்டையில் உள்ள முகவரியும் சமைக்கும் வீடும் வேறு என்றால் அந்த வீட்டுக்கான சான்று. வாடகை வீட்டுக்காரர்கள் ஒப்பந்த நகலைத் தயாராக வைத்துக்கொள்ளலாம். சமைப்பது எங்கேயோ அந்த முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். அம்மா வீட்டு அடுப்பில் செய்துவிட்டு, அடுக்குமாடி முகவரியைக் கொடுத்தால் ஆய்வு நாளில் அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது. பதிவு இடத்தோடு ஒட்டியது. வீடு மாறினால் புதிதாக வாங்க வேண்டும்.

குழப்பம் வருவது வணிக வகையைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில். தளத்தில் வீட்டு கேன்டீன் மற்றும் டப்பாவாலா என்று ஒரு வகை இருக்கிறது. வீடு என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் அதைத் தட்டிவிடுகிறார்கள். அது சமைத்து அன்றன்றே தரும் சாப்பாட்டுக்கான வகை, உணவுச் சேவையின் கீழ் வருவது. ஊறுகாய், மசாலாப் பொடி, வடாம், தட்டை, குக்கி, இட்லி மாவு என்று பொட்டலமோ பாட்டிலோ போட்டு விற்பதெல்லாம் தயாரிப்பு. பொது உற்பத்தி என்ற வகையில் சேர்க்க வேண்டும். இரண்டும் செய்கிறவர்கள் இரண்டையும் தேர்ந்தெடுக்கலாம். சாப்பாட்டு வகைச் சான்றை வைத்துக்கொண்டு ஊறுகாய் பாட்டிலில் அந்த எண்ணைப் போட்டால், எண் உண்மைதான், ஆனால் அந்தப் பொருளுக்கு அனுமதி இல்லை.

உற்பத்தியைத் தேர்ந்தெடுத்தால் அடுத்து உணவுப் பிரிவு வரும். பழம், காய்கறி சார்ந்த ஊறுகாயும் ஜாமும் 4ஆம் பிரிவு. கேக், பிஸ்கட் 7. மசாலாப் பொடிகள் 12. இப்போது செய்யாவிட்டாலும் ஆறு மாதத்தில் செய்யப்போகிற பொருளையும் இப்போதே சேர்த்துவிடுவது புத்திசாலித்தனம். பால் பொருள்களுக்கும் எண்ணெய்க்கும் தனி வகைகள். நெய் உருக்கி விற்பவர் பொது உற்பத்தியில் ஒளிந்துகொள்ள முடியாது. செக்கெண்ணெய் விற்பவருக்கு இன்னொரு கட்டும் உண்டு: சமையல் எண்ணெயைச் சில்லறையாக அளந்து ஊற்றி விற்கத் தடை. அரைத்த மசாலாப் பொடிகளையும் பொட்டலமிடாமல் விற்கக் கூடாது. சாம்பார்ப் பொடியை டப்பாவிலிருந்து கரண்டியால் அள்ளிக் கொடுக்கும் வழக்கம் அன்பானதுதான், ஆனால் விதிமீறல்.

பணம் கட்டி முடிந்ததும் 17 இலக்கக் குறிப்பு எண் வரும். அதுவே பதிவு எண் என்று நினைத்து லேபிள் அடித்துவிடாதீர்கள். பதிவு எண் 14 இலக்கம். பதிவு என்றால் 2இல் தொடங்கும், உரிமம் என்றால் 1. அடுத்த இரண்டு இலக்கம் மாநிலம், தமிழ்நாட்டுக்கு 24. ஆக, இங்கே பதிவு வாங்கிய வீட்டு அடுக்களையின் எண் 224 என்றுதான் ஆரம்பிக்கும். விண்ணப்பத்தில் ஏதாவது விளக்கம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் 30 நாளுக்குள் பதில் போட வேண்டும். இல்லையென்றால் விண்ணப்பம் முடிந்தது, கட்டிய பணமும் திரும்பாது. குறுஞ்செய்தி வரும் என்று காத்திருக்காமல் வாரம் ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள். தளத்தின் பெரிய குறையே இந்த அறிவிப்பு விஷயம்தான். எஃப்எஸ்எஸ்ஏஐயின் கட்டணமில்லா எண் 1800112100.

ஆய்வுக்கு வந்தால்

வருபவர் உணவுப் பாதுகாப்பு அலுவலர்; அவருக்கு மேலே மாவட்ட நியமன அலுவலர். அவர் கையில் இருக்கும் அளவுகோல் 2011 விதிமுறைகளின் 4ஆம் அட்டவணை, முதல் பகுதி. கிரானைட் மேடை, புகைபோக்கி எல்லாம் அதில் கேட்கவில்லை. தரை, சுவர், கூரை உதிராமல் சுத்தமாக இருக்க வேண்டும். குடிக்கத் தகுந்த தண்ணீர் வேண்டும். மூடியுள்ள குப்பைத் தொட்டி. பூச்சிமருந்தும் சோப்பும் உணவுப் பொருளிலிருந்து தனியே. சமைப்பவருக்குத் தொற்றுநோயோ ஆறாத புண்ணோ இருக்கக் கூடாது. ஆழ்துளைக் கிணற்று நீர் என்றால் ஒரு தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை எடுத்து வைத்துவிடுங்கள். செப்டிக் டேங்க் பக்கத்தில் இருக்கும் வீடுகளில் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

படிவத்தில் எங்கும் வராத விஷயம் ஒன்று: சிலிண்டர். 14.2 கிலோ வீட்டு சிலிண்டரை வணிகச் சமையலுக்கு எரிப்பது 2000ஆம் ஆண்டின் எல்பிஜி ஆணைப்படி தடை. சாப்பாடு போடுபவர்கள் 19 கிலோ வணிக சிலிண்டருக்கு விலை கணக்குப் போட்டுத்தான் தட்டின் விலையை நிர்ணயிக்க வேண்டும்.

மாவு மிஷின் இன்னொரு கண்ணி. வீட்டில் பக்குவமாக வறுத்துக் கொண்டுபோய், யாரோ கடலையோ கோதுமையோ அரைத்த கல்லில் அரைத்து வந்தால், உங்கள் பொடியில் அதுவும் கலந்திருக்கும். ஒவ்வாமை உள்ளவருக்கு அது விளையாட்டில்லை. முதல் அரைகிலோவைத் தனியே பிடித்து ஒதுக்குவது குறைந்தபட்ச வழி. மிஷினுக்கும் பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். மூலப்பொருள் வாங்கிய பில்லை வைத்திருங்கள். மிளகாய்த்தூளில் சாயம் என்று மாதிரி தோற்றால், எங்கிருந்து வந்தது என்று காட்ட அது ஒன்றுதான் சாட்சி. மசாலாப் பொடிகளில் எந்தச் சாயமும் சேர்க்கக் கூடாது என்பது தனி விதி.

எண்ணெயில் பொரித்து விற்பவர்களுக்கு 2018 ஜூலை 1 முதல் ஒரு வரம்பு உண்டு: மொத்தத் துருவப் பொருள்கள், அதாவது எண்ணெய் திரும்பத் திரும்பக் காயும்போது அதில் சேரும் சிதைவுப் பொருள்கள், 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது. வீட்டில் இதை அளக்கும் கருவி இருக்காது. நிறம் கறுத்து, நுரை அடங்காமல், வழக்கத்தைவிடச் சீக்கிரம் புகைந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். மேலே புது எண்ணெய் ஊற்றி இளக்குவது பயன் தராது.

சாப்பாட்டுக்கு வெப்பநிலைதான் எல்லாம். சூடானது 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ந்தது 5 டிகிரிக்குக் கீழ். பத்தரைக்கு வடித்த சோறு ஒரு மணிக்குப் போய்ச் சேரும்போது வெதுவெதுப்பாக இருந்தால் அதுதான் ஆபத்தான இடைவெளி. பேசில்லஸ் சீரியஸ் என்ற நுண்ணுயிரின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாவதில்லை. வெதுவெதுப்பில் பெருகி அவை விடும் வாந்தி நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் கட்டுபவர்கள் சோற்றை அகலமான தட்டில் பரப்பிச் சீக்கிரம் ஆறவைத்துவிட்டுக் கலக்க வேண்டும். ஆழமான அண்டாவில் நடுச்சோறு மணிக்கணக்கில் சூடு விடாது.

ஊறுகாயில் கவனிக்க வேண்டியது புளிப்பு. உப்பையே நம்பிப் பதப்படுத்தும் உப்புநீர் ஊறுகாய்க்கு உப்பு குறைந்தது 12 சதவீதம் என்று தரநிர்ணயம் சொல்கிறது. எண்ணெய் ஊறுகாயில் துண்டுகள் எண்ணெயில் மூழ்கியிருக்க வேண்டும். மாங்காயும் எலுமிச்சையும் தாமாகவே புளிப்பு, தப்பித்துவிடும். பூண்டு அப்படியல்ல. அமிலம் குறைந்த பூண்டு, மேலே காற்றுப் புகாத எண்ணெய் என்றால் நரம்புகளைத் தாக்கும் பாட்டுலினம் நச்சு உருவாக ஏற்ற சூழல். புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். எலுமிச்சைச் சாறோ புளியோ வினிகரோ சேர்த்து, பிஎச் தாளால் ஒவ்வொரு தடவையும் சோதியுங்கள். ருசி பார்த்து இதைச் சொல்ல முடியாது.

லேபிள்: தளம் வாய் திறக்காத பாடம்

பதிவு கிடைத்ததும் பலர் ஒரு சின்ன ஸ்டிக்கரில் பெயர், கைபேசி எண், 14 இலக்க எண் மூன்றையும் அச்சடித்துவிடுகிறார்கள். 2020ஆம் ஆண்டின் லேபிள் விதிமுறைகள் கேட்பது இதைவிட நிறைய: பொருளின் பெயர், எடை வரிசையில் சேர்மானங்கள், ஊட்டச்சத்து விவரம், சைவ அசைவக் குறி, தயாரித்தவர் பெயரும் முழு முகவரியும், எஃப்எஸ்எஸ்ஏஐ சின்னமும் எண்ணும், நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, ஒவ்வாமைப் பொருள்கள்.

எடை வரிசை என்றால் அதிகம் சேர்ந்தது முதலில். மாங்காய் ஊறுகாயில் மாங்காய், நல்லெண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், கடுகு, வெந்தயம், பெருங்காயம் என்று இறங்கும். இந்தக் கடைசிப் பெயரில்தான் பலர் மாட்டுகிறார்கள். கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். அதாவது சிலருக்கு ஒவ்வாத குளூட்டன் என்ற கோதுமைப் புரதம். ஒரு சிட்டிகைதான் என்றாலும் கோதுமை உள்ளது என்று தனியே குறிப்பிட வேண்டும். வாங்கும் பெருங்காய டப்பாவின் சேர்மானப் பட்டியலைப் படித்துவிட்டு உங்கள் லேபிளை எழுதுங்கள். பால், முட்டை, மீன், நண்டு இறால் வகை, வேர்க்கடலை, முந்திரி பாதாம் போன்ற கொட்டைகள், சோயா ஆகியவையும் இந்தப் பட்டியலில் உண்டு.

சைவக் குறி பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். அசைவக் குறி பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம். முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் என்றால் வட்டத்தின் விட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர், சதுரத்தின் பக்கம் 6 மில்லிமீட்டர். முட்டை சேர்ந்த கேக் அசைவம். இதில் வீட்டு பேக்கர்கள் நிறையப் பேர் தவறுகிறார்கள். பச்சை வட்டத்தோடு முட்டை கேக் போனால் அது தவறான லேபிள், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 52ஆம் பிரிவில் 3 லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கு இடமுண்டு.

காலாவதித் தேதியை ஊகித்துப் போடாதீர்கள். ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு பொட்டலத்தைத் தேதி எழுதி அலமாரியில் நிறுத்தி வையுங்கள். ஒன்றை ஈரமான மழைக்காலம் தாண்டும்வரை விடுங்கள். பொடியில் கட்டி, காறல் வாடை, பூச்சி எது முதலில் வருகிறதோ அதற்கு வெகு முன்னால் தேதியை நிறுத்துங்கள். பொரிகடலையும் தேங்காயும் சேர்ந்த பொடியில் எண்ணெய் சிக்கெடுப்பதுதான் முதலில் நடக்கும். பெரிய அளவில் போகிறவர்கள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் கொடுத்து ஊட்டச்சத்து விவரத்தையும் சேர்த்து வாங்கிவிடலாம்.

இதற்கு மேல் எடையளவுச் சட்டம் வேறு. முன்கூட்டியே பொட்டலமிட்டு விற்பவர், தொடங்கிய 90 நாளுக்குள் 500 ரூபாய் கட்டிப் பொட்டலமிடுபவராகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. லேபிளில் வரிகள் உட்பட அதிகபட்ச விலை, நுகர்வோர் தொடர்பு விவரம், அலகு விலை ஆகியவை சேர வேண்டும். 200 கிராம் பொடி 120 ரூபாய் என்றால் கிராமுக்கு 0.60 ரூபாய். மின்னணுத் தராசுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறை முத்திரை. ஆன்லைனில் வாங்கிய சமையலறைத் தராசில் முத்திரை இருக்காது. ஃபாஸ்காஸில் எங்காவது ஒரு வரியில் இதைச் சுட்டிக்காட்டியிருக்கலாம். துறை வேறு என்பதால் இல்லை.

டிபன் கேரியர்காரர்களுக்கு இத்தனை பாடு இல்லை. 2022 ஜனவரி 1 முதல் பில்லில் 14 இலக்க எண் இருக்க வேண்டும் என்பதை மறக்காமல் இருந்தால் சரி. செய்தித்தாளில் மடிக்கக் கூடாது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தாளும் தடை. வாழையிலைக்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை.

பதிவு தராத அனுமதிகள்

சர்க்கரை குறையும், மூட்டுவலி போகும், புற்றுநோய் வராது என்று எழுதிய கணமே உங்கள் பொடி வேறு சட்டத்துக்குப் போய்விடுகிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலும் தவறான விளம்பரத்துக்கு 53ஆம் பிரிவில் அபராதம் 10 லட்சம் வரை. 2018ஆம் ஆண்டின் விளம்பரம் மற்றும் உரிமைகோரல் விதிமுறைகள், வீட்டில் செய்தது, வீட்டில் சமைத்தது போன்ற தொடர்களையும் வாங்குபவருக்குத் தவறான எண்ணம் தரும்படி போடக் கூடாது என்கின்றன. வீட்டிலேயே செய்பவர் இதற்குக் கொஞ்சம் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் விற்பனை பெருகி, வாடகைக்கு ஷெட் எடுத்து ஆள் வைத்துச் செய்யும் நாளில் அந்தச் சொல்லைக் கழற்றிவிட வேண்டும்.

சத்துமாவு விற்பவர்கள் நிச்சயம் நின்று படிக்க வேண்டியது குழந்தை உணவுச் சட்டம். ஆறு மாதம் முடிந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு சேர்த்துக் கொடுக்க, இரண்டு வயது வரை ஏற்றது என்று சொல்லி விற்கும் எதுவும் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி குழந்தை உணவு. அதை விளம்பரம் செய்யத் தடை. இன்ஸ்டாகிராமில் குழந்தைப் படம் போட்டு, எட்டு மாதத்திலிருந்து கொடுக்கலாம் என்று எழுதும் பதிவுகள் எல்லாம் இந்தத் தடைக்குள் வந்து விழுபவை. அதே மாவைப் பெரியவர்களுக்கான கஞ்சி மாவாக விற்பதில் இந்தச் சிக்கல் இல்லை.

வெளிமாநிலத்துக்குக் கூரியர் அனுப்புபவர்கள் ஜிஎஸ்டியையும் பார்க்க வேண்டும். பொருள் விற்பனைக்கு 40 லட்சம் வரை விலக்கு என்பது மாநிலத்துக்குள் விற்கும்போதுதான். வரி உள்ள பொருளை எல்லை தாண்டி விற்றால் முதல் பாட்டிலிலிருந்தே பதிவு தேவைப்படலாம்.

விற்பனை வரம்பைத் தாண்டினால் ஃபாஸ்காஸிலேயே மாநில உரிமத்துக்கு மாற வேண்டும். கட்டணம் ஆயிரங்களில் போகும், உரிமம் பெற்ற உற்பத்தியாளர் ஆண்டுதோறும் மே 31க்குள் கணக்கறிக்கை போட வேண்டும், பிந்தினால் நாளுக்கு 100 ரூபாய். மாறாமல் பதிவிலேயே இழுத்தடிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: உரிமம் இல்லாமல் நடத்துவதற்குத் தண்டனை சொல்லும் 63ஆம் பிரிவிலிருந்து விலக்கு, 31(2)க்குள் அடங்குகிற சிறியவர்களுக்கு மட்டுமே.

வாங்குபவர்களுக்கும் இந்தத் தளத்தில் உபயோகம் இருக்கிறது. பாட்டிலில் உள்ள 14 இலக்கத்தைத் தேடல் பெட்டியில் போட்டால் அது செல்லுபடியாகிறதா, யார் பெயரில், எந்த வகைக்கு வாங்கியது என்று வந்துவிடும். விற்பவர்களும் மாதத்துக்கு ஒருமுறை தங்கள் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். முகவரியிலோ பெயரிலோ பிழை கண்ணில் பட்டால், ஆயிரம் ஸ்டிக்கர் அச்சடிக்கும் முன் திருத்திக்கொள்ளலாம்.